உழவு யந்திரத்தின் முன்சுமையேற்றி: அது எவ்வளவு பாரம் தூக்கும்?

பெரும்போக மழை தொடங்குவதற்கு முன்னர், ஆவணி புரட்டாதி மாதங்களில், மாட்டெருவையும் கூட்டெருவையும் வயலுக்குங் தோட்டத்துக்குங் கொண்டு சேர்த்தலும், கமப்பாதையைத் திருத்துதற்கு மணலுங் கிறவலும் ஏற்றுதலும் கமக்காரருக்கு வழக்கமான வேலைகளாம். முன்னாளில் இவ்வேலைக்குக் கடகமும் மண்வெட்டியும் பல ஆட்களும் வேண்டியிருந்தன. இந்நாளில் நாற்சில்லு உழவு யந்திரத்தின் முன்னே பூட்டப்படும் சுமையேற்றியைக்கொண்டு, ஆசனத்தில் அமர்ந்திருக்கும் ஒருவரே அவ்வளவு வேலையையும் செய்து முடிக்கின்றார். லோடர் என்று பலரும் வழங்கும் இக்கருவி சில இடங்களில் ஒருவருக்குச் சொந்தமாயும், பல இடங்களில் கூலிக்கு எடுக்கப்படுவதாயும் இருக்கின்றது.

சுமையேற்றியை வாங்குபவர் முதலிற் கேட்கும் கேள்வி, "இது எத்தனை கிலோ தூக்கும்?" என்பதே. விற்பவரும் ஓர் எண்ணைச் சொல்லுவார். 1,000 கிலோகிராம் என்பார். அவ்வெண் பொய்யன்று. ஆனால் அவ்வெண்ணை வாளி நிறைய மணல் ஏற்றிக்கொண்டு வரம்பைக் கடப்பதற்குரிய அனுமதி என்று கொள்வோமாயின், யந்திரத்தின் முன்னச்சு முறிதலும், யந்திரம் கவிழ்ந்து சாரதி அதன் கீழ் அகப்படுதலும் நேரக்கூடும். ஏனெனில் சுமையேற்றிக்கு ஓர் எல்லையன்று, மூன்று எல்லைகள் உள. எண்ணெயின் அமுக்கம் எவ்வளவு தூக்கும் என்பது ஒன்று. யந்திரம் கவிழாது எவ்வளவு தாங்கும் என்பது மற்றொன்று. முன்னச்சும் முன் ரயர்களும் எவ்வளவு சுமக்கும் என்பது மூன்றாவது. இம்மூன்றில் எது சிறியதோ அதுவே அந்த யந்திரத்தின் உண்மையான எல்லையாகும்.

எண்ணெய் அமுக்கத்தின் எல்லை

சுமையேற்றியின் புயங்களை உயர்த்துவன, பக்கத்துக்கு ஒன்றாக அமைந்த இரண்டு எண்ணெய் உருளைகளாம். உட்குறுக்களவு 5 சென்ரிமீற்றர் உள்ள ஓர் உருளையின் முகப் பரப்பு ஏறத்தாழ 19.6 சதுர சென்ரிமீற்றர். சதுர சென்ரிமீற்றருக்கு 160 கிலோகிராம் அமுக்கத்தில் எண்ணெய் வருமாயின், ஓர் உருளை 3,100 கிலோகிராமுக்கு மேலாகத் தள்ளும். இரண்டும் சேர்ந்து 6,200 கிலோகிராமுக்கு மேலாகத் தள்ளும். அப்படியாயின் வாளியில் 1,000 கிலோகிராம் மாத்திரம் உயர்வது ஏன் என்று கேட்கலாம். உருளை புயத்தைத் தள்ளும் இடம் புயத்தின் அடிமூட்டுக்கு அண்மையில் இருக்கின்றது. பாரமோ புயத்தின் நுனியில் இருக்கின்றது. நுனி ஐந்து மடங்கு தூரத்தில் இருந்தால், தூக்கும் வலு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதிற் புயங்களின் சொந்த நிறையும் கழியவேண்டும்.

இனி, அந்த 1,000 கிலோகிராம் எவ்விடத்தில் அளக்கப்பட்டது என்பதை நோக்குக. பெரும்பாலும் அது வாளியைப் புயத்தோடு பூட்டும் ஆணியில், வாளியில்லாமல் அளந்த கணக்காயிருக்கும். நாம் ஏற்றும் மணல் ஆணியின்மேல் இருப்பதில்லை. அதற்கு அரை மீற்றர் அளவு முன்னே வாளிக்குள் இருக்கின்றது. அந்த அரை மீற்றரினால் தூக்கும் வலு ஆறில் ஒரு பங்கு தொடக்கம் நான்கில் ஒரு பங்கு வரை குறையும். 1,000 என்பது 800 ஆயிற்று என்று கொள்வோம். வாளியின் நிறை 180 கிலோகிராம் ஆயின், பொருளுக்கென எஞ்சுவது 620 கிலோகிராமே. நெல் மூடைகளை எடுத்தற்கு வாளியைக் கழற்றிக் கவர்முள்ளைப் பூட்டுவோர், மூடைகளின் நடுப்பாகம் ஆணியிலிருந்து இன்னுந் தூரத்துக்குச் செல்வதையும் நினைவில் வைக்கவேண்டும்.

உயரமும் கணக்கில் வரும். வாளி நிலத்தோடு இருக்கையில் தூக்கக்கூடிய பாரத்தை, முழு உயரத்துக்குக் கொண்டு செல்ல முடியாதிருக்கும். நிலத்தில் இலகுவாகக் கிளம்பிய வாளி, பெட்டியின் விளிம்பு மட்டத்தில் வந்து நின்றுவிடுவதைச் சாரதிகள் கண்டிருப்பர். ஆதலாற் கைந்நூலிற் காணப்படும் எண் எவ்வுயரத்துக்குரியது, ஆணியில் அளந்ததா முன்னே அளந்ததா, வாளியின் நிறை கழிக்கப்பட்டதா என்னும் மூன்றையும் வாங்குமுன் கேட்டறிதல் வேண்டும். விற்பவர் விடை சொல்லத் தயங்குவாராயின் கைந்நூலைத் திறந்து காட்டும்படி கேட்பதில் வெட்கமில்லை.

எல்லையை மீறிய பாரத்தைத் தூக்க முயலும்போது யந்திரம் ஒருவகையாக முனகும். அமுக்கம் அளவுக்கு மிஞ்சியதும் எண்ணெயைத் திரும்பத் தாங்கிக்கு விடுகின்ற வால்வின் ஓசையே அது. சிலர் அவ்வால்வின் திருகாணியை இறுக்கிவிட்டு, யந்திரத்துக்கு வலு கூடிவிட்டது என மகிழ்வதுண்டு. அங்ஙனஞ் செய்தலால் குழாய்கள் வெடிக்கவும் புயங்கள் வளையவும் இடமுண்டு. அதனினும் பெரிய தீங்கு யாதெனில், எச்சரிக்கை செய்து நிறுத்துகின்ற காவலன் அகற்றப்பட்டு, அச்சினால் தாங்க முடியாத பாரத்தை எண்ணெய் உயர்த்தத் தொடங்குவதேயாம். அந்த வால்வைத் தொடாது விடுக.

வாளிக்குள் இருப்பது எவ்வளவு?

வாளியின் கொள்ளளவு மாறுவதில்லை. அதனுட் போடும் பொருளுக்குத் தக்கவாறு நிறை மாறும். 400 லீற்றர் கொள்ளும் வாளியில் விளிம்பு மட்டமாக நெல் நிரப்பினால் ஏறத்தாழ 230 கிலோகிராம் இருக்கும். ஓரளவு மக்கிய மாட்டெரு 300 கிலோகிராம் அளவில் வரும். மழையில் நனைந்ததாயின் அதற்கு மேலும் வரும். உலர்ந்த மணல் 640, ஈரமான கிறவல் 680, நனைந்த களிமண் 720, நனைந்த மணல் 760 கிலோகிராம் என்று கொள்ளலாம். விளிம்புக்கு மேலே குவித்து ஏற்றினால் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடும். நேற்று எருவை முழு வாளியாக ஏற்றிய அதே கை, இன்று மணலையும் முழு வாளியாக ஏற்றும்போது, பாரம் இரண்டரை மடங்கு ஆகின்றது என்பதைச் சாரதியின் கண் காண்பதில்லை. மேற்கூறிய சுமையேற்றி 620 கிலோகிராமே தூக்கும் எனின், வாளி நிறைந்த ஈரமணல் அதற்கு ஏற்றதன்று.

உங்கள் பொருளின் நிறையை நீங்களே அளக்கலாம். 20 லீற்றர் கொள்ளும் கலன் ஒன்றின் வாயை வெட்டி, அப்பொருளால் மட்டமாக நிரப்பித் தராசில் நிறுத்து, கலனின் நிறையைக் கழித்துக்கொள்க. வந்த எண்ணை 20 ஆற் பெருக்கினால் 400 லீற்றர் வாளியின் நிறை கிடைக்கும். நனைந்த மணல் கலனுக்கு 38 கிலோகிராம் அளவில் நிற்கும். வாளியின் கொள்ளளவு வேறாயின் அதனை 20 ஆல் வகுத்து வரும் எண்ணாற் பெருக்கவேண்டும். பசளைப் பைகளைப் பொறுத்தவரை இந்தத் தொல்லை இல்லை. ஓர் அந்தர்ப் பை 50 கிலோகிராம் என்பதை எல்லாரும் அறிவர்.

துலாவும் உழவு யந்திரமும்

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் துலா இட்டு நீர் இறைத்ததை அறிந்தோருக்கு அடுத்த விடயத்தை விளக்குதல் எளிது. துலா ஆடுகாலின்மேல் தங்கி நின்று, ஒரு தலை தாழ மறு தலை உயரும். சுமையேற்றி பூட்டிய உழவு யந்திரமும் ஒரு துலாவே. அதன் ஆடுகால் முன்னச்சு, முன்தலையில் வாளி, பின்தலையிற் பிற்சில்லுகளின்மேல் அமர்ந்திருக்கும் நிறை. வாளியில் ஏறுகின்ற ஒவ்வொரு கிலோகிராமும் பிற்சில்லுகளை நிலத்திலிருந்து சிறிது சிறிதாகக் கிளப்பவே முயல்கின்றது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். சுமையேற்றியும் வெறும் வாளியும் பூட்டிய ஓர் உழவு யந்திரத்தின் மொத்த நிறை 2,400 கிலோகிராம் என்றும், அதில் முன்னச்சில் 1,300, பின்னச்சில் 1,100 தங்குகின்றது என்றும், இரண்டு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 2 மீற்றர் என்றும் வைத்துக்கொள்வோம். முன்னச்சுக்கு 1.5 மீற்றர் முன்னே வாளியில் 600 கிலோகிராம் ஏற்றப்படுகின்றது. 600 ஐ 1.5 ஆற் பெருக்கி 2 ஆல் வகுத்தால் 450 வரும். பின்னச்சிலிருந்து கிளப்பப்படும் நிறை இதுவே. ஆகவே பின்னச்சில் எஞ்சுவது 650 கிலோகிராம். முன்னச்சோ வாளியின் 600 ஐயும், பின்னாலிருந்து வந்த 450 ஐயும் சேர்த்து 2,350 கிலோகிராமைச் சுமக்கின்றது. வாளியிற் போட்டது 600. முன்னச்சில் ஏறியது 1,050. இதனைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. முன்னச்சின் குண்டுப்போளைகள் அடிக்கடி தேய்தலும், முன் ரயர்கள் வெடித்தலும், திருப்பும் சில்லு இரும்பைப்போற் கடினமாதலும் இதனாலேயே நிகழ்கின்றன.

அந்த முன்னச்சு ஆகக்கூடியது 2,200 கிலோகிராம் தாங்கும் என்று கைந்நூல் கூறுமாயின், இந்த யந்திரம் ஏற்றக்கூடியது 514 கிலோகிராமே என்று கணக்குக் காட்டும். எண்ணெய் 620 ஐத் தூக்கும். அச்சு 514 க்கு மேல் ஏற்காது. எல்லை 514 ஆகும்.

சமநிலத்தில் அசையாது நிற்கும் இதே யந்திரத்தின் பிற்சில்லுகள் முழுவதும் கிளம்புதற்கு 1,460 கிலோகிராமுக்கு மேல் வேண்டும். ஆகவே கவிழ்தலைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை என்று சிலர் வாதிக்கலாம். வயல் சமநிலமன்று, யந்திரமும் அசையாது நிற்பதில்லை. வேகமாக இறங்கும் வாளியைத் திடீரென நிறுத்தினாலும், முற்சில்லு வாய்க்காலில் விழுந்தாலும், இறக்கத்திற் பிறேக்கை அழுத்தினாலும் அக்கணத்தில் வாளியின் பாரம் பன்மடங்காகத் தோன்றும். அன்றியும் பெரும்பாலான உழவு யந்திரங்களிற் பிறேக் பிற்சில்லுகளிலேயே உள்ளது. பின்னச்சின் நிறை 1,100 இலிருந்து 650 ஆகக் குறைந்தால், பிற்சில்லு நிலத்தைப் பற்றும் வலுவும் அந்த அளவுக்குக் குறையும். குளக்கட்டிலிருந்து பாரத்துடன் முன்முகமாக இறங்கி, பிறேக் அழுத்தியும் நிற்காது வழுக்கிச் செல்வதன் காரணம் பிறேக்கின் பழுதன்று. நான்கு சில்லும் இயங்கும் யந்திரமாயின், இறக்கத்தில் முன்னியக்கத்தைப் பூட்டிவிட்டால் முற்சில்லுகளும் சேர்ந்து தடுக்கும். இரு சில்லே இயங்கும் யந்திரமாயின் வாளி மேட்டுப் பக்கத்தை நோக்கியிருக்கப் பின்முகமாக, தாழ்ந்த கியரில் இறங்குக.

பெருந்தெருக்களிலும் கட்டடவேலைகளிலும் காணப்படும் பெக்கோ யந்திரத்தோடு உழவு யந்திரத்தை ஒப்பிடுதல் ஆகாது. அது 7,000 கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையுடையது. அதன் பின்னே தொங்கும் தோண்டும் புயமே அதற்குப் பின்பாரமாக அமைந்துள்ளது. "பெக்கோ தூக்குகின்றதே" என்று கூலி ஆள் சொல்வது நியாயமாகத் தோன்றினும் கணக்கிற் பொருந்தாது.

பின்பாரம் கட்டுதல்

துலாவின் அடிப்பக்கத்திற் கல்லைக் கட்டிச் சமப்படுத்துவதுபோல, உழவு யந்திரத்தின் பின்புறத்து மூன்று புய இணைப்பிற் பாரம் ஒன்றைத் தூக்கி வைத்தல் வேண்டும். 200 லீற்றர் எண்ணெய்ப் பீப்பாவின் ஆறில் ஐந்து பங்குக்குக் கொங்கிறீற்று இட்டால் 400 கிலோகிராம் வரும். பீப்பாவின் ஊடாக, இணைப்பின் கீழ்ப் புயங்கள் பூட்டத்தக்க உறுதியான இரும்புச் சலாகையை முன்னரே வைத்து இறுகவிடவேண்டும்; மேற்புயத்துக்கும் ஒரு பிடி வேண்டும். சங்கிலியாற் சுற்றிக் கட்டிய கல்லும், ஆடுகின்ற மூடையும் பின்பாரமாகா.

இப்பாரம் பின்னச்சுக்கு 1 மீற்றர் பின்னே தொங்குமாயின், 400 ஐ 2 ஆல் வகுக்க 200 கிலோகிராம் முன்னச்சிலிருந்து குறையும்; பின்னச்சில் 600 கூடும். மேற்சொன்ன 600 கிலோகிராம் பாரத்தோடு பின்னச்சு 1,250, முன்னச்சு 2,150 என்றாகும். முன்னச்சு மீண்டும் தன் எல்லைக்குட் புகுந்துவிட்டது. அச்சின் எல்லையும் 514 இலிருந்து 628 க்கு உயர்ந்தது. கொங்கிறீற்றுப் பீப்பா ஒன்றைத் தவிர இதற்கு வேறு செலவு இல்லை.

பிற்சில்லு ரயர்களுக்குள் நீர் நிரப்புதலும் நன்றே. உழவின்போது வழுக்காதிருக்கச் செய்யும் அந்த நீர், பின்னச்சை நிலத்தில் அழுத்தும். எனினும் அது பின்னச்சின் நேர்மேலேயே தங்குவதால் முன்னச்சின் பாரத்தைச் சிறிதும் குறைக்காது. பின்னச்சுக்கு அப்பால் தொங்கும் பாரமே முன்னச்சுக்கு ஆறுதல் தரும். இவ்வேறுபாட்டை அறியாதவர், "ரயரில் நீர் இருக்கின்றது, பின்பாரம் வேண்டாம்" என்று இருந்துவிடுகின்றனர்.

பக்கமாகக் கவிழ்தல்

முன்முகமாகக் குப்புற விழுந்த யந்திரத்தைக் காட்டிலும் பக்கமாகச் சரிந்த யந்திரமே உயிரை வாங்குவது. நான்கு சில்லு இருப்பதால் யந்திரம் மேசையைப்போல நாலு காலில் நிற்கின்றது என்று எண்ணுதல் இயல்பு. அது தவறு. முன்னச்சு அதன் நடுவில் ஒரே ஆணியில் பூட்டப்பட்டு, மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஆடும்படி அமைக்கப்பட்டது. ஆகவே சரியத் தொடங்கும் வேளையில் யந்திரம் நிற்பது மூன்று இடங்களிலேதான்: இரண்டு பிற்சில்லு, முன்னே ஒரு நடு ஆணி. அது ஒரு முக்கோணம். பின்னே அகன்றிருக்கும் அம்முக்கோணம் முன்னே செல்லச் செல்ல ஒடுங்குகின்றது. வாளியிற் பாரம் ஏறியதும் மொத்த நிறையின் மையம் அந்த ஒடுங்கிய முனையை நோக்கி நகரும். வாளி உயர்ந்ததும் அம்மையமும் உயரும். அவ்வேளையில் ஒரு பிற்சில்லு வரம்பில் ஏறினாலோ மற்றது சேற்றிற் புதைந்தாலோ போதும்.

ஆதலாற் பாரத்தை ஏற்றியதும் வாளியை முழங்கால் மட்டத்துக்குத் தாழ்த்தி, பின்புறமாகச் சிறிது மடக்கிக்கொண்டே செல்லவேண்டும். பெட்டிக்கு அண்மையில் வந்து நின்ற பின்னரே உயர்த்துக. உயர்த்திய நிலையிற் சில்லைத் திருப்பாதீர். பெட்டியை மட்டமான இடத்தில், சுமையேற்றி நேரே வந்து நேரே திரும்பத்தக்கதாக நிறுத்தினால் உயர்த்திக்கொண்டு வளைய வேண்டிய தேவையே நேராது. பின்சில்லுகளின் இடையகலத்தைக் கூட்டத்தக்க யந்திரமாயின், சுமையேற்றி வேலைக்கு அதனை அகலமாக வைப்பது நலம்.

யந்திரத்திற் கவிழ்வுக் காப்புச் சட்டம் இருந்தால் இருக்கைப் பட்டியைக் கட்டியே ஓட்டவேண்டும். சட்டத்தின் பயன் பட்டியோடுதான் உண்டு. சட்டம் இல்லாத பழைய யந்திரத்திற் பட்டி கட்டலாகாது. அத்தகைய யந்திரத்தைச் சுமையேற்றி வேலைக்கு வைப்பதையே நாம் விரும்புவதற்கில்லை. வாளியைப் பின்னே அதிகம் மடக்கி முழு உயரத்துக்குத் தூக்கும்போது, மேலே அடுக்கிய மூடையோ தென்னங்குற்றியோ புயங்களின் வழியே உருண்டு சாரதியின்மேல் விழுவதும் உண்டு. மூடைகளுக்கும் குற்றிகளுக்கும் வாளி ஏற்றதன்று. தேங்காய் பறிக்கவும் கிளை வெட்டவும் வாளியில் ஆளை ஏற்றுவோரைக் காண்கின்றோம். குழாய் ஒன்று வெடித்தால் வாளி சொல்லாமலே இறங்கும். ஆளை ஏற்றுதலுக்கு எந்தப் பாரக் கணக்கும் பொருந்தாது; செய்யவே கூடாது. மின்கம்பிகளின் கீழும் உயர்த்திய வாளியோடு செல்லலாகாது.

எல்லையைக் கண்டறிந்து எழுதி வைத்தல்

இக்கணக்கைத் தம் யந்திரத்துக்குச் செய்ய விரும்புவோர், லொறி நிறுக்கும் தராசு உள்ள நெல் ஆலை ஒன்றுக்கு வெறும் வாளியோடு யந்திரத்தைக் கொண்டு செல்க. முற்சில்லுகளை மாத்திரம் தராசில் ஏற்றி ஒரு நிறையும், பிற்சில்லுகளை மாத்திரம் ஏற்றி மற்றொரு நிறையும் குறித்துக்கொள்க. புயங்களை மட்டமாக நீட்டியபடி வைத்து நிறுத்தல் வேண்டும். ஏனெனில் நெஞ்சளவு உயரத்தில் புயம் மட்டமாக இருக்கும்போதே வாளி ஆகத் தூரத்தில் இருந்து, பின்னச்சை ஆகக் கூடுதலாகக் கிளப்புகின்றது. அச்சுகளின் இடைத்தூரத்தையும், முன்னச்சிலிருந்து வாளியின் நடுவுக்குள்ள தூரத்தையும் அளவுநாடாவால் அளந்துகொள்க. முன்னச்சும் ரயரும் தாங்கும் பாரமும், சுமையேற்றி வேலைக்குரிய ரயர்க் காற்றின் அளவும் கைந்நூலில் இருக்கும்; உழவுக்குரிய காற்று இதற்குப் போதாது.

வந்த விடையைக் கடதாசியில் வைத்திருப்பதாற் பயனில்லை. யந்திரத்தைப் பெரும்பாலும் ஓட்டுபவர் உடையவர் அல்லர். இந்தப் போகத்தில் ஒருவர், அடுத்த போகத்தில் வேறொருவர். எனவே சுமையேற்றியின் புயத்தில், ஆசனத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில், மைப்பூச்சினால் எழுதிவிடுக. மேற்காட்டிய யந்திரத்துக்குப் பின்பாரத்தோடு எழுதவேண்டியது இவ்வளவே: நெல், எரு, முழு வாளி. கிறவல், களிமண், ஈரமணல், முக்கால் வாளி. பின்பாரம் இல்லையேல் இம்மூன்றும் அரை வாளி. வாளியின் உட்புறத்தில் அரை வாளிக்கும் முக்கால் வாளிக்கும் உரிய மட்டங்களில் இரண்டு கோடுகளையும் வெள்ளைப் பூச்சினால் இழுத்து, மணலில் தேய்ந்து மறையும்போது மீண்டும் பூசிவருக.